தாய்மொழியை அயன்மொழியாகக் காணல்: ஜெர்மனியில் ஜெர்மன் மொழியாசிரியருக்கான பல்கலைக்கழகக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியில் பள்ளியாசிரியர் ஆக விரும்புவோர் ஜெர்மன் மொழியையும் அதன் இலக்கியத்தையும் பண்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் பயில்கின்றனர். 1810ஆம் ஆண்டு முதல் உருப்பெற்று வந்த இக்கல்விமுறையின் இன்றைய கட்டமைப்பையும் வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. பேசிப் பழகிய மொழியைச் சற்றுத் தள்ளி நின்று நோக்கும் ஆற்றலை வருங்கால ஆசிரியரிடம் வளர்ப்பதே இக்கல்வியின் உயிர்நிலை என்பது கட்டுரையின் கருத்து. பழைய நூல்கள், மொழியியல், இரண்டாம் மொழியாக ஜெர்மன் கற்கும் மாணவர் என்னும் மூன்று வழிகளில் அத்தொலைவு கிட்டுகிறது. அது கைவிடப்பட்ட காலத்தில் மொழிப்பாடம் அரசியலின் கருவியானதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஜெர்மானியவியல், ஆசிரியர் கல்வி, தாய்மொழிக் கல்வி, நடுக்கால உயர்ஜெர்மன், இரண்டாம் மொழி கற்பித்தல், பணிமுன் பயிற்சி.

முன்னுரை

தமிழியல் ஆய்வுலகம் ஜெர்மானியரைப் பெரிதும் தமிழ் கற்றவர்களாகவே அறிந்துள்ளது. சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சேறியது. கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். பிறர் மொழியைக் கற்று அதற்கு இலக்கணம் எழுதிய ஒரு சமூகம், தன் மொழியைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரை எவ்வாறு உருவாக்குகிறது என்னும் வினாவும் தமிழாய்வாளர் கருதத்தக்கதே.

தாய்மொழியாசிரியர் கல்வியில் பிற பாடங்களுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. வேதியியல் பயில வருபவர் தமக்குத் தெரியாத ஒன்றைத் தேடி வருகிறார். தாய்மொழி பயில வருபவரோ அம்மொழியைக் குழந்தைப் பருவம் முதல் பேசி வருகிறார். அவருக்கு அம்மொழி முழுமையாகத் தெரியும். ஆயினும் அதன் இயக்கம் அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விதியை உணராமலே விதிப்படி பேசும் ஒருவர், அதே விதியில் இடறும் மாணவனிடம் 'அப்படிச் சொல்வதில்லை' என்பதற்கு மேல் எதுவும் கூற இயலாது. இவ்விடர்ப்பாட்டை ஜெர்மன் பல்கலைக்கழகக் கல்வி எவ்வாறு எதிர்கொண்டது, எங்குத் தவறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படிப்பின் இன்றைய கட்டமைப்பு

ஜெர்மனியில் கல்வி, மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. பதினாறு மாநிலங்களும் தத்தம் சட்டப்படி ஆசிரியர் கல்வியை நடத்துகின்றன. மாநிலக் கல்வி அமைச்சர்களின் நிலைப்பேரவை அவற்றுக்கிடையே பொதுவரையறைகளை வகுக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடுகள் பல இருப்பினும் அடிப்படை அமைப்பு ஒன்றே. ஆசிரியர் கல்வி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் பல்கலைக்கழகப் படிப்பு. இரண்டாம் கட்டம் பள்ளியிலும் பயிற்சி நிறுவனத்திலும் நிகழும் பணிமுன் பயிற்சி.

ஆசிரியர் பணிக்கான பல்கலைக்கழகப் படிப்பு 'லேர்அம்ட்' எனப்படுகிறது. மேல்நிலைப் பள்ளியாகிய கிம்னாசியத்தின் ஆசிரியர் ஆக விரும்புவோர் பொதுவாக இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனுடன் வரலாறு, கணிதம், ஆங்கிலம், சமயக்கல்வி, விளையாட்டு எனப் பிறிதொரு பாடம் இணைகிறது. எனவே ஜெர்மனியில் 'ஜெர்மன் ஆசிரியர்' எனப்படுபவர் பெரும்பாலும் மற்றொரு துறையையும் பயின்றவராவார். ஐரோப்பிய உயர்கல்வியை ஒருங்கிணைக்க 1999இல் கையொப்பமிடப்பட்ட பொலோனியா அறிக்கைக்குப் பின், பல மாநிலங்கள் இளங்கலை, முதுகலை என்னும் இருநிலை அமைப்புக்கு மாறின. இளங்கலைக்கு 180, முதுகலைக்கு 120 என மொத்தம் 300 தகுதிப்புள்ளிகள் கிம்னாசிய ஆசிரியர் படிப்புக்கு உரியவை. பவேரியா உள்ளிட்ட சில மாநிலங்கள் அரசே நடத்தும் 'ஸ்டாட்ஸ்எக்ஸாமென்' என்னும் அரசுத் தேர்வைக் கைவிடவில்லை.

இப்படிப்பினுள் ஜெர்மன் பாடத்துக்குரிய பகுதி ஜெர்மானியவியல் துறையைச் சார்ந்தது. அத்துறை மரபாக மூன்று கிளைகளாகப் பகுக்கப்படுகிறது. இடைக்கால மொழியும் இலக்கியமும் முதற்கிளை. ஏறத்தாழப் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்ட இலக்கியம் இரண்டாம் கிளை. மொழியியல் மூன்றாம் கிளை. ஆசிரியர் ஆக விரும்புவோர்க்கு இவற்றுடன் பாடக் கற்பித்தலியல் நான்காவதாகச் சேர்கிறது. ஓர் இலக்கணக் கூற்றை, ஒரு கவிதையை, ஓர் எழுத்துப் பணியை எந்த வயதினர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆராய்வது இக்கிளை. கல்வியியலும் உளவியலும் தனிப்பகுதியாக அமைகின்றன. ஆசிரியராகப் போகிறவரும் ஆய்வாளராகப் போகிறவரும் பெரும்பாலும் ஒரே விரிவுரை மண்டபத்தில், ஒரே பேராசிரியரிடம் பாடம் கேட்கின்றனர். இவ்வழக்கத்தின் காரணத்தை அறியத் துறையின் தொடக்கக் காலத்தை நோக்குதல் வேண்டும்.

புலமையே தகுதி என்னும் கொள்கை

பிரஷ்ய அரசு 1810 ஜூலை 12 அன்று, உயர்நிலைப் பள்ளியாசிரியர் ஆக விரும்புவோர் அனைவரும் அரசு நடத்தும் தேர்வில் தேறவேண்டும் என ஆணை பிறப்பித்தது. அதுவரை இறையியல் பயின்றோர், திருச்சபையில் பணி கிடைக்கும்வரை பள்ளியில் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. இவ்வாணை ஆசிரியப் பணியைத் தனித் தொழிலாக்கியது. அத்தேர்வு முதன்மையாகப் புலமையைச் சோதித்தது. ஒரு துறையை ஆழ்ந்து கற்றவர் அதனைக் கற்பிக்கவும் வல்லவராவார் என்பது அதன் உட்கிடை. வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் முன்னின்று உருவாக்கிய பெர்லின் பல்கலைக்கழகம் அதே ஆண்டின் அக்டோபரில் பாடங்களைத் தொடங்கியது. ஆய்வும் கற்பித்தலும் ஒன்றோடொன்று இணைந்தவை என்னும் எண்ணம் அதன் அடித்தளமாயிற்று.

பெர்லினில் 1810இலேயே ஃப்ரீட்ரிஷ் ஹைன்ரிஷ் ஃபான் டெர் ஹாகென் ஜெர்மன் மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். எனினும் அக்காலக் கிம்னாசியத்தில் கோலோச்சியவை இலத்தீனும் கிரேக்கமுமே. ஜெர்மன் தன்னைக் கல்விக்குரிய துறையாக நிலைநாட்டிக்கொள்ள அவ்விரு மொழிகளின் ஆய்வுமுறையையே கைக்கொண்டது. கிரேக்க, இலத்தீன் நூல்களைப் பதிப்பிக்கும் பாடஒப்பீட்டு முறையில் பயின்ற கார்ல் லக்மான், அம்முறையை இடைக்கால ஜெர்மன் நூல்களுக்கும் பொருத்தி, நிபெலுங்கர் காவியத்தை 1826இல் பதிப்பித்தார். 1858இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் கார்ல் பார்ட்ஷ் ஜெர்மன் மொழிநூலுக்கெனத் தனிக் கருத்தரங்கத் துறையை நிறுவினார். மாணவர் சிலர் பேராசிரியருடன் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பனுவலின் வரிகளைச் சொல் சொல்லாக ஆராயும் இம்முறை பின்னர்ப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. பள்ளிக்குச் சென்ற ஆசிரியர் அம்மேசையின் பழக்கத்தையே வகுப்பறைக்கும் எடுத்துச் சென்றார். இவ்வாயில் நெடுங்காலம் ஆண்களுக்கே திறந்திருந்தது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முழு மாணவியராகச் சேர்க்கத் தொடங்கியது 1908இல்தான்.

கிரிம்மும் ஹில்டெபிராண்டும்

ஜெர்மானியவியலின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் யாக்கோப் கிரிம், தாய்மொழி இலக்கணத்தைப் பள்ளியில் கற்பிப்பதை எதிர்த்தவர் என்பது இவ்வரலாற்றின் முரண். தம் 'ஜெர்மன் இலக்கணம்' என்னும் நூலின் 1819ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் இதனை வெளிப்படையாகவே எழுதினார். குழந்தை தாய்மொழியை இயல்பாகப் பெறுகிறது. அதன்மீது ஆசிரியர் விதிகளைச் சுமத்துவது அவ்வியல்பான வளர்ச்சியைக் குலைக்கும் என்பது அவர் வாதம். இலக்கணம் அவருக்கு வரலாற்று ஆய்வு. வகுப்பறைக் கட்டளைகளின் தொகுதி அன்று.

இக்கருத்து மொழியாசிரியருக்கு ஒரு சிக்கலை ஏற்படுத்தியது. தாய்மொழி தானே வளருமெனில் ஆசிரியருக்குரிய பணி யாது? இவ்வினாவுக்குப் பயனுள்ள விடையைத் தந்தவர் ருடோல்ஃப் ஹில்டெபிராண்ட். லைப்சிக் நகரின் தாமஸ் பள்ளியில் இருபது ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், கிரிம் சகோதரர் தொடங்கிய பெரும் ஜெர்மன் அகராதியின் பணியிலும் ஈடுபட்டிருந்தார். பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பகலில் வகுப்பறையும் எஞ்சிய நேரத்தில் அகராதிச் சீட்டுகளுமாக வாழ்ந்த அவரிடம், கற்பித்தலும் ஆய்வும் பிரிந்து நிற்கவில்லை.

அவர் 1867இல் வெளியிட்ட பள்ளி மொழிக்கல்வி பற்றிய நூல் சில அடிப்படைகளை வலியுறுத்தியது. மொழியை அதன் பொருளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். மாணவர் தாமே கண்டறியக்கூடியதை ஆசிரியர் முந்திக்கொண்டு கூறலாகாது. எழுதப்பட்ட மொழியைக் காட்டிலும் பேசவும் கேட்கவும்படும் மொழிக்கே முதன்மை தரவேண்டும். பொதுமொழியாகிய உயர்ஜெர்மனை இன்னோர் இலத்தீனைப் போலக் கற்பிக்காமல், வகுப்பிலுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சுமொழியோடு பொருத்திக் கற்பிக்க வேண்டும். இவற்றுள் இறுதிக் கருத்து தனிக்கவனத்துக்குரியது. வகுப்பறைக்குள் நுழையும் பிள்ளை ஏற்கெனவே ஒரு மொழியுடன் வருகிறது. ஆசிரியர் அதனை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இங்குப் பிறக்கிறது. ஹில்டெபிராண்டின் காலத்தில் அம்மொழி சாக்சனி வட்டாரவழக்கு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அது துருக்கியாகவும் தமிழாகவும் அரபாகவும் ஆயிற்று.

பண்பாடு என்னும் சொல்லின் சுமை

மொழியுடன் பண்பாட்டையும் கற்பித்தல் என்னும் நோக்கம் முதற்பார்வைக்குத் தீங்கற்றது. ஜெர்மன் ஆசிரியர் கல்வியின் வரலாறு அச்சொல்லின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. 1890 டிசம்பரில் பெர்லினில் கூடிய பள்ளி மாநாட்டில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், கிம்னாசியம் இளம் கிரேக்கரையும் உரோமரையும் உருவாக்குவதைவிடத் தேசிய உணர்வுள்ள இளம் ஜெர்மானியரை உருவாக்க வேண்டும் என்றும் ஜெர்மன் பாடமே அதற்கு அடித்தளம் ஆகவேண்டும் என்றும் வலியுறுத்தினார். நெடுங்காலம் ஓரத்தில் நின்ற பாடம் இதனால் மையத்துக்கு நகர்ந்தது. அவ்விடத்துக்குரிய விலையும் உடன் வந்தது.

1912இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் ஆசிரியரும் பேராசிரியரும் இணைந்து ஜெர்மானிஸ்டுகள் சங்கத்தை நிறுவினர். 1920இல் அது 'ஜெர்மன் கல்விக்கான கழகம்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. மொழிப்பாடம் மொழியையும் இலக்கியத்தையும் கடந்து, தொன்மம், நாட்டார் வழக்கு, கலை, வரலாறு என ஜெர்மானிய வாழ்வு முழுவதையும் தழுவும் 'டாய்ச்குண்டெ'யாக விரிய வேண்டும் என்பது அதன் முழக்கமாயிற்று. ஹான்ஸ் ரிஷெர்ட்டின் முயற்சியில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பிரஷ்ய உயர்நிலைப் பள்ளிச் சீர்திருத்தம் ஜெர்மன், வரலாறு, புவியியல், சமயம் ஆகியவற்றைப் பண்பாட்டு மையப்பாடங்களாக்கியது. பாடத்தின் பரப்பு விரிந்தது. ஆனால் தன் பொருளைக் கேள்விக்கு உட்படுத்தும் இயல்பு மெலிந்தது. பனுவலை ஆராய வேண்டிய இடத்தில் பனுவலை வழிபடும் மனப்பாங்கு நுழைந்தது.

1933இல் அம்மனப்பாங்கின் விளைவு வெளிப்பட்டது. ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட அரசுப்பணிச் சட்டத்தால் யூதரும் அரசியல் எதிர்ப்பாளரும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். மே 10ஆம் நாள் பல பல்கலைக்கழக நகரங்களில் நூல்கள் எரிக்கப்பட்டபோது மாணவருடன் ஜெர்மானியவியல் பேராசிரியர் சிலரும் நின்றனர். பான் நகரில் நிகழ்ந்த எரிப்பில் ஹான்ஸ் நௌமான் உரையாற்றினார். இடைக்கால இலக்கியத்தில் புலமை பெற்றவர் அவர். ஆழ்ந்த புலமை ஒன்றே ஆசிரியரைக் காக்கும் என்னும் 1810ஆம் ஆண்டு நம்பிக்கைக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டுவதில்லை.

இதனைத் துறை பொதுமேடையில் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1966 அக்டோபரில் மியூனிக் நகரில் கூடிய ஜெர்மானிஸ்டுகள் மாநாடு, தன் துறையிலும் இலக்கியத்திலும் ஊடுருவிய தேசியவாதத்தையே பொருளாகக் கொண்டது. எபெர்ஹார்ட் லெம்மெர்ட், வால்ட்டர் கில்லி, கார்ல் ஓட்டோ கொன்ராடி, பீட்டர் ஃபான் போலென்ஸ் ஆகிய நால்வரின் உரைகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன. துறை தன் வரலாற்றைத் தானே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்ட திருப்புமுனை இது. அதன்பின் பண்பாட்டைப் பயில்வது என்பது, எந்நூல் ஏன் பள்ளிப்பாடமாக்கப்பட்டது, எவை விலக்கப்பட்டன எனக் கேட்பதையும் உள்ளடக்கியது. வருங்கால ஆசிரியர் தம் மரபையும் தள்ளி நின்று காண வேண்டும் என்னும் படிப்பினை இவ்வாறு அரும்பாடுபட்டுப் பெறப்பட்டது.

பழைய மொழி தரும் தொலைவு

ஆசிரியர் படிப்பில் மாணவரிடையே இன்றும் முணுமுணுப்புக்கு உள்ளாகும் பகுதி நடுக்கால உயர்ஜெர்மன். ஏறத்தாழ 1050 முதல் 1350 வரை வழங்கிய இம்மொழியில் நிபெலுங்கர் காவியம், வால்ட்டர் ஃபான் டெர் ஃபோகெல்வைடெயின் பாடல்கள், வோல்ஃப்ராம் ஃபான் எஷென்பாஹின் 'பார்ட்சிவால்' முதலியன இயற்றப்பட்டன. பள்ளியில் இவை சிறிதளவே கற்பிக்கப்படும். அவ்வாறிருக்க அதன் ஒலியியலையும் வினைவடிவங்களையும் கற்பானேன் என்பது மாணவரின் வினா.

இதற்கு மரபு வழங்கும் விடை, அது நாட்டின் இலக்கியச் செல்வம் என்பது. இதனினும் வலுவான விடை ஒன்று உண்டு. நடுக்கால உயர்ஜெர்மன் பனுவலை முதன்முறை படிக்கும் மாணவர், தமக்குத் தெரிந்தது போலத் தோன்றும் சொற்களால் ஏமாற்றப்படுகிறார். 'ஹோஹ்கெட்சீட்' இன்றைய ஜெர்மனில் 'ஹோஹ்ட்சைட்' ஆகித் திருமணத்தைக் குறிக்கும். பழம்பனுவலில் அது பெருவிழா எதனையும் குறிக்கும். 'அரெபெய்ட்' இன்று 'ஆர்பைட்', அதாவது வேலை. அன்று அது துன்பம், இடர்ப்பாடு. 'ஃப்ரௌவெ' உயர்குடிப் பெண். 'வீப்' பெண் என்னும் பொதுச்சொல். இன்று முன்னது பெண்டிர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. பின்னது இழிவுக் குறிப்புப் பெற்றது. 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்திலிருந்து இழிந்ததை அறிந்த தமிழறிஞர்க்கு இத்தகைய பொருள்மாற்றம் புதிதன்று.

ஒலிமாற்றமும் அவ்வாறே. 'என் புதிய வீடு' என்பதற்கான 'மீன் நியூவெஸ் ஹூஸ்' என்னும் பழைய தொடர் இன்று 'மைன் நாயெஸ் ஹௌஸ்' என வழங்குகிறது. நெட்டுயிர்கள் ஈருயிர்களாகத் திரிந்தன. ஆனால் சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் வழக்குகளில் வீடு இன்றும் 'ஹூஸ்' எனவே ஒலிக்கிறது. இதனை அறிந்த ஆசிரியர், வட்டாரவழக்கைப் பிழையெனக் கருதமாட்டார். பொதுமொழி கைவிட்ட ஒரு பழமையைக் காத்துநிற்கும் வடிவம் என்று உணர்வார். நடுக்கால உயர்ஜெர்மனின் கல்விப்பயன் இங்குத்தான் உள்ளது. தம் மொழியிலேயே அகராதியைப் புரட்டித் தடுமாறும் அனுபவம், வருங்கால ஆசிரியரை மீண்டும் கற்பவரின் இடத்தில் அமர்த்துகிறது.

கற்பவரின் கண்ணால் காணும் மொழி

தள்ளி நின்று காணும் பார்வையைத் தரும் இரண்டாம் வழி மொழியியல். ஜெர்மனில் 'டஸ்' என ஒரே வகையில் ஒலிக்கும் இரு சொற்கள் உண்டு. ஒன்று சுட்டடையாகவும் பெயர்ச்சொல்லைத் தழுவும் இணைப்புப் பெயராகவும் வரும். அதனை ஒற்றைச் சகரத்தால் எழுதுவர். மற்றொன்று 'என்று' என்பது போலத் தொடர்களை இணைக்கும். அதனை இரட்டைச் சகரத்தால் எழுதுவர். பள்ளி மாணவர் எழுத்தில் இங்குப் பிழை மலிவது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. காதால் கேட்டுத் தீர்க்க இயலாத பிழை இது. தொடரில் அச்சொல்லின் பணியை அறிந்தால் மட்டுமே அதனைக் களையலாம். அவ்விடத்தில் 'டீசெஸ்' அல்லது 'வெல்ஷெஸ்' என்னும் சொல்லை இட்டுப்பார்த்து, பொருந்தினால் ஒற்றைச் சகரம் எனக் கண்டறியும் சோதனையை ஆசிரியர் கற்பிக்கிறார். தொடரியல் அறிவு இங்கு நேரடியாக வகுப்பறைக் கருவியாகிறது.

மூன்றாம் வழி, ஜெர்மனைப் பிறமொழியாகக் கற்போரிடமிருந்து வந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஹெர்டர் நிறுவனம் வெளிநாட்டு மாணவர்க்கு ஜெர்மன் கற்பித்த அனுபவத்திலிருந்து இத்துறையை வளர்த்தது. அங்குக் கெர்ஹார்ட் ஹெல்பிஷ் 1969இல் இத்துறைக்குப் பேராசிரியரானார். அவ்வாண்டே அவர் வொல்ஃப்காங் ஷெங்கெல் என்பாருடன் இணைந்து, ஒவ்வொரு வினையும் தன்னோடு எத்தனை உறுப்புகளை, எவ்வேற்றுமையில் வேண்டி நிற்கும் எனக் காட்டும் அகராதியை வெளியிட்டார். ஜெர்மானியர் பிழையின்றிப் பயன்படுத்தும் வினைகளுக்கு இத்தகைய விளக்கம் தேவை என்பது, அவற்றைப் பிழையாகப் பயன்படுத்தியோர் வாயிலாகவே புலப்பட்டது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1978இல் ஹரால்ட் வைன்ரிஷ் அயன்மொழியாக ஜெர்மன் கற்பிக்கும் துறையை நிறுவினார்.

இவ்வறிவு வெளிநாட்டு மாணவரோடு நின்றுவிடவில்லை. 1961 அக்டோபர் 30 அன்று துருக்கியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழி வந்தோரின் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளில் அமர்ந்தனர். 1980களில் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வகுப்புகளுக்கு வந்தனர். இவர்கள் பலருக்கு ஜெர்மன் வீட்டுமொழி அன்று. ஆயினும் அயல்நாட்டு மொழியும் அன்று. வாழும் நாட்டின் மொழியாகவும் எல்லாப் பாடங்களுக்கும் வாயிலாகவும் அமைந்த இரண்டாம் மொழி அது.

இம்மாணவரின் இடர்ப்பாட்டுக்கு ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பால்பாகுபாடு தக்க சான்று. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அலிப்பால். குறுமைப்பொருள் விகுதியாகிய 'ஷென்' பெறும் பெயர்கள் யாவும் அலிப்பாலாகும் என்பது அதன் காரணம். தமிழ், பொருளின் திணையை நோக்கிப் பால் வகுக்கும். துருக்கியில் இலக்கணப்பாலே இல்லை. இம்மொழிகளைப் பேசி வரும் பிள்ளைக்குச் சிறுமி எவ்வாறு அலிப்பாலாவாள் என்னும் ஐயம் எழுவது அறியாமையின் விளைவன்று. அதன் முதன்மொழியின் ஒழுங்கிலிருந்து பிறக்கும் நேர்மையான வினா. ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கோ அவ்வினா தாமாகத் தோன்றியிராது.

இத்தேவையைக் கொள்கை வகுப்போர் உணர 'பிசா' என்னும் பன்னாட்டுத் திறனாய்வு காரணமாயிற்று. 2000ஆம் ஆண்டு நிகழ்ந்து 2001 டிசம்பரில் வெளியான அதன் முடிவில், பதினைந்து வயது ஜெர்மன் மாணவரின் வாசிப்புத்திறன் 484 புள்ளிகளாக மதிப்பிடப்பட்டது. பங்கேற்ற வளர்ந்த நாடுகளின் சராசரி 500. குடும்பப் பின்னணிக்கும் வாசிப்புத்திறனுக்கும் உள்ள பிணைப்பு ஜெர்மனியில் மிக இறுக்கமாக இருந்தது நாட்டை அதிரச் செய்தது. பள்ளி தந்திருக்க வேண்டிய மொழியை, வீட்டிலிருந்தே கொண்டுவந்தோர் மட்டும் பெற்றிருந்தனர் என்பதே அதன் பொருள். இதனையடுத்து அமைச்சர்களின் பேரவை 2004இல் கல்வியியலுக்கும் 2008இல் பாடப்புலமைக்கும் பாடக் கற்பித்தலியலுக்கும் பொதுவரையறைகளை வகுத்தது. நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலென் மாநிலத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், எப்பாடத்துக்கு ஆசிரியராகப் பயில்வோரும் புலம்பெயர்ந்த பின்னணி கொண்ட மாணவர்க்கு ஜெர்மன் கற்பித்தல் பற்றிய பகுதியை ஆறு தகுதிப்புள்ளிகளுக்குப் பயில வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. கணித ஆசிரியரும் மொழியைக் கற்பிக்கிறார் என்னும் உண்மை இதனால் சட்டத்தில் இடம்பெற்றது.

பல்கலைக்கழகத்துக்குப் பின்: பணிமுன் பயிற்சி

படிப்பு முடித்தவர் உடனே முழுநிலை ஆசிரியர் ஆவதில்லை. 'ரெஃபெரெண்டரியாட்' எனப்படும் பணிமுன் பயிற்சி மாநிலத்துக்கேற்ப 12 முதல் 24 மாதங்கள் நிகழும். பயிற்சியாளர் பள்ளியொன்றில் குறைந்த எண்ணிக்கையிலான பாடவேளைகளைத் தாமே நடத்துவார். பயிற்சி நிறுவனத்தில் கற்பித்தல் முறைகளை விவாதிப்பார். பாடத்தை விரிவான எழுத்துத்திட்டத்துடன் மதிப்பீட்டாளர் முன்னிலையில் நடத்திக் காட்டி, பின்னர் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் கூறவேண்டும். இதன் இறுதியில் இரண்டாம் அரசுத் தேர்வு அல்லது அதற்கு இணையான தேர்வு அமையும்.

புலமையைப் பல்கலைக்கழகமும் கற்பிக்கும் திறனைப் பயிற்சி நிறுவனமும் தருகின்றன. அவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்போ பெரும்பாலும் பயிற்சியாளரின் தோளிலேயே விழுகிறது. ஐந்தாண்டுகள் பனுவலின் நுட்பங்களைப் பயின்றவர், பத்து வயதுப் பிள்ளைகள் முன்னிலையில் நாற்பத்தைந்து நிமிடங்களுக்கான ஒரே ஒரு நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தடுமாறுகிறார். இவ்விடைவெளியைக் குறைக்கவே நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலென் போன்ற மாநிலங்கள் முதுகலைப் படிப்பினுள்ளேயே பள்ளியில் கழிக்கும் ஒரு பருவத்தைப் புகுத்தியுள்ளன. ஆயினும் தகுதிப்புள்ளிகளின் மொத்தம் கூடுவதில்லை. பள்ளிப்பருவம், கல்வியியல், இரண்டாம் மொழி கற்பித்தல் என ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது, பாடப்புலமைக்குரிய பகுதி சுருங்குகிறது. அவ்வேளையில் முதலில் வெட்டுக்கு உள்ளாவது பெரும்பாலும் பழைய மொழியே.

முடிவுரை

ஜெர்மன் ஆசிரியர் கல்வியின் இருநூற்றாண்டு வரலாறு, புலமைக்கும் கற்பித்தலுக்கும் இடையிலான இழுபறியாகவே வழக்கமாக விளக்கப்படுகிறது. பழைய மொழியை ஆதரிப்போர் புலமையின் பக்கமும், இரண்டாம் மொழி கற்பித்தலை ஆதரிப்போர் வகுப்பறையின் பக்கமும் நிற்பதாகக் கொள்ளப்படுகின்றனர். மேற்கண்ட சான்றுகள் அப்பகுப்பு பொருந்தாது என்பதைக் காட்டுகின்றன. நடுக்கால உயர்ஜெர்மன் காலத்தால் மொழியைத் தள்ளி வைக்கிறது. மொழியியல் பகுப்பாய்வால் தள்ளி வைக்கிறது. பிறமொழி பேசிவரும் மாணவர் தம் வினாவால் தள்ளி வைக்கிறார். மூன்றும் ஒரே பயிற்சியின் மூன்று நிலைகள். தெரிந்த மொழியைத் தெரியாதது போல் நோக்கக் கற்றவரே, அதனைத் தெரியாதவருக்குக் கற்பிக்க வல்லவராகிறார்.

எனவே பழைய மொழியை மரபுச்செல்வம் என்னும் ஒரே காரணம் காட்டிக் காப்பது போதாது. அக்காரணம் 'டாய்ச்குண்டெ'யின் காலத்தில் எங்குக் கொண்டுவிட்டது என்பதை 1933 காட்டிவிட்டது. அதுபோலவே இரண்டாம் மொழி கற்பித்தலைப் பின்தங்கிய மாணவர்க்கான துணைப்பணியாக ஒதுக்குவதும் தகாது. ஜெர்மன் இலக்கணத்தின் புலப்படாத பகுதிகளை வெளிக்கொணர்ந்த ஆய்வு அவ்வழியில் வளர்ந்தது. பிள்ளைகள் கொண்டுவரும் மொழியிலிருந்து தொடங்குக என 1867இல் ஹில்டெபிராண்ட் வகுத்த நெறி, வட்டாரவழக்குகளுக்காகக் கூறப்பட்டது. பன்மொழி வகுப்பறைக்கும் அதுவே வழிகாட்டுகிறது. தன் மொழியைத் தன் மக்களுக்குக் கற்பிக்கும் எந்தச் சமூகமும், தன் ஆசிரியருக்கு அம்மொழியின்மீது பற்றை மட்டும் அளித்தால் போதாது. அதனை வெளியே நின்று காணும் கண்ணையும் அளித்தல் வேண்டும்.